தென்னேரிக் கரையில் கூப்பிட்ட குரல்

முசரவாக்கத்தை விட்டு நடந்துகொண்டிருந்தபோது பிற்பகல் ஒரு மணி. தறிக்குப் பாவு பிணைக்கும் கொட்டகையில் வேலை நின்றுவிட்டது. பழைய பாவின் நுனியோடு புதிய இழையைச் சாம்பல் தொட்டு விரலால் முறுக்கிச் சேர்ப்பதுதான் நான் எட்டு மாதம் செய்த வேலை. அதில் முடிச்சே கிடையாது. காஞ்சிபுரத்தில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு தேநீர், பிறகு வாலாஜாபாத் பேருந்து. அங்கே ஷேர் ஆட்டோ ஓட்டிய கலீல் பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“எங்கபா போறே?”

“வேலை இருக்கிற ஊருக்கு.”

“அந்த ஊரு என் ரூட்ல இல்லியேபா. தென்னேரில ஒரு மேடம் தவளை புடிச்சிக்கினு இருக்குது. ஆளு வேணும்னு சொல்லிச்சு, கேட்டுப் பாரு.”

முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு ஏரிக்கரையில் இறக்கிவிட்டார். மழை விட்டிருந்தது. கலீல் பாய் சொன்ன மேடம் ரஞ்சனி, ஆராய்ச்சி மாணவி. சின்ன காஞ்சிபுரத்துப் பெண். ஆண் தவளையின் பதிவுசெய்த குரலைப் போடும் ஒலிபெருக்கி ஒன்றைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக்கொண்டிருந்தார்.

“கூப்பிடறது ஆண்தாண்ணா. பெண்ணுக்கு முட்டை முத்தி ஹார்மோன் ஏறினாத்தான் அந்தக் குரல்கிட்ட போகும். முட்டை போட்டுட்டா அதே குரலைத் திரும்பிக்கூடப் பாக்காது.”

“ஆணு கேட்டா?”

“ஹார்மோன் ஏறியிருந்தா பதிலுக்குக் கத்தும், சண்டைக்கும் போகும். இல்லைன்னா சும்மா குந்திக்கினு இருக்கும்.”

அன்று மதியம் ஒரு பெண் தவளைக்கு ஹார்மோன் ஊசியும் இன்னொன்றுக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டிருந்தார். அடையாளத்துக்கு முதலாவதற்குச் சிவப்பு நூல், மற்றதற்குப் பச்சை. இடுப்பில் கட்டும் வேலையை என்னிடம் கொடுத்தார்.

“இறுக்காதீங்கண்ணா, அவுந்துடவும் கூடாது. மழை இன்னிக்கோட போயிடும். இந்த வருஷத்துக்கு இதுதான் கடைசி சோதனை.”

கட்டிய இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டோம். பொழுது சாயும் நேரத்தில் தொட்டியைத் திறந்தபோது இரண்டு நூலும் தண்ணீரில் மிதந்தன. முடிச்சுப் போடச் சொன்ன இடத்தில் என் விரல்கள் பழக்கத்தில் முறுக்கிவிட்டிருந்தன. தறியில் நிற்கும் முறுக்கு, தவளையின் ஈர உடம்பில் நிற்கவில்லை.

ரஞ்சனி திட்டவில்லை. இரண்டையும் தரையில் விட்டு ஒலிபெருக்கியைப் போட்டார். ஒன்று வைத்த இடத்திலேயே இருந்தது. மற்றது கொஞ்சம் நின்று, பிறகு சிறு சிறு தாவலாகப் போய் ஒலிபெருக்கியை ஒட்டி உட்கார்ந்தது. அங்கே ஆண் தவளை எதுவும் இல்லை.

“எது எதுன்னு தெரியுதே மேடம்.”

“தெரியுது. எழுதத்தான் முடியாது. நான் நினைச்சத தவளை சொன்னதா எழுதக் கூடாதுண்ணா.”

குரலை நிறுத்திய பிறகும் அந்தத் தவளை அங்கேயே இருந்தது.

பேருந்து நிழற்குடையில் படுத்தேன். ஏரி முழுக்க ஆண் தவளைகள் கத்தின. ஊருக்கு வரச் சொல்லி அக்கா மாதந்தோறும் போனில் கூப்பிடுகிறாள். குரல் மாறவில்லை. எனக்குத்தான் கால் எழுவதில்லை.

காலையில் வானம் வெளுத்திருந்தது. ரஞ்சனி சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கப் போனவனிடம் இரண்டு தவளைகளும் இருந்த வாளியை நீட்டினார்.

“கட்டற வேலை வேணாம். புடிச்ச எடத்துல ஒரு குச்சி நட்டிருக்கேன். ரெண்டையும் அதே எடத்துல கொண்டுபோய் விட்டுடுங்க. முடியுமா?”

வாளியை வாங்கிக்கொண்டு குச்சியைத் தேடி நடந்தேன்.