பென்சில் கோடு நின்ற பக்கம்

லிஃப்ட் மெக்கானிக் எந்தப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து படித்தவரில்லை. இருபத்தாறு வருட வேலையில் அவர் கைக்கு வந்த கையேடுகளில் பழுதுகளைப் பற்றிய பகுதி எப்போதும் கடைசியில்தான் இருந்தது. நேரே அங்கே போவார். முன்னால் இருப்பதெல்லாம் விற்கிறவன் பெருமை என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நகத்தில் க்ரீஸோடு நூலகத்துக்குப் போனார். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் ஐந்து வாரமாக வகுப்புக்குப் போகவில்லை. அறையிலேயே கிடக்கிறாள். தலைமாட்டில் யாரோ ஒரு தத்துவவாதியின் நான்கு புத்தகங்கள்.

மனைவியின் அண்ணன் வந்து பார்த்த அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மாப்ள, வாழ்க்கைக்கு அர்த்தம் தேட ஆரம்பிச்சா அப்புறம் காலேஜாவது கத்திரிக்காயாவது. அந்த நாலையும் எடைக்குப் போடுங்க. பொண்ணு தானா எந்திரிச்சு வருவா."

"அண்ணன் சொல்றதும் சரிதாங்க" என்றாள் மனைவி.

எடைக்குப் போடுவதற்கு முன்னால் அந்த ஆள் என்னதான் எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட நினைத்தார் மெக்கானிக். நான்கு தலைப்புகளையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வந்திருந்தார்.

"இதுல எதுல மேடம் ஆரம்பிக்கறது?"

நூலகர் அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இவரா? தடிப் புத்தகத்துல மட்டும் கை வைக்காதீங்க சார். மூணாவதா எழுதியிருக்கீங்களே, அது மாணவர்களுக்குப் பேசினது. அதுல ஆரம்பிங்க. நானே மூணு தடவை தோத்துட்டுத்தான் அதுக்கு வந்தேன்."

"படிச்சா மனசு கெட்டுப் போயிடுமா?"

"தூக்கம் வரும் சார்."

மறுநாள் காலை மகள் குளிக்கப் போன நேரத்தில் நான்கையும் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தார். படிக்கிற வரிக்கெல்லாம் அடியில் பென்சிலால் கோடு இழுப்பது அவளுக்குச் சின்ன வயதுப் பழக்கம். அது இல்லாமல் அவளுக்குப் படிக்க வராது. நூலகர் சொன்ன புத்தகத்தை வழக்கம்போல் பின்னாலிருந்து புரட்டினார். கோடே இல்லை. பத்தொன்பதாம் பக்கத்துக்கு வந்த பிறகுதான் கோடு தென்பட்டது. அடுத்ததில் பதினொன்று. இன்னொன்றில் இருபத்தாறு. தடிப் புத்தகத்தில் ஆறாம் பக்கத்தோடு சரி. அங்கே ஒரே இரண்டு வரியில் திரும்பத் திரும்ப இழுத்துத் தாள் கிழிந்திருந்தது.

"இவ இதைப் படிக்கவே இல்ல" என்றார் மனைவியிடம்.

"அப்ப வேற என்னங்க?" என்றாள் அவள். ஐந்து வாரமாகத் திட்டுவதற்குப் புத்தகம் எழுதின அந்த ஆளாவது இருந்தான். இப்போது அவனும் இல்லை.

ஈரத்தலையோடு வந்த மகள் மேசையைப் பார்த்து நின்றாள். "எடைக்குப் போடப் போறீங்களாப்பா?"

"இல்லம்மா. கோடு பாதியில நிக்குதே, ஏன்னு பாத்தேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஏறலப்பா. இது மட்டும் இல்ல, பாடப் புத்தகமும் ஏறல. ஒரு வரி படிச்சா முந்தின வரி போயிடுது. நாலு மாசமா இப்படித்தான். இவர் எழுதினது யாருக்குமே சீக்கிரம் புரியாதாம். அதான் இதையே கையில வெச்சிருந்தேன். ஏன் முடிக்கலன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தவர் புத்தகங்களை மூடி அடுக்கினார். "நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்."

"அம்மாவும் வரணும்."

"வராம?" என்றாள் அம்மா, அடுப்பை அணைத்துவிட்டு.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டு லீவு சொன்னார். எந்த டாக்டர் என்பதுதான் தெரியவில்லை. போனில் இருந்ததெல்லாம் கட்டடங்களின் வாட்ச்மேன் நம்பர்கள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார்.