வரைபடத்தில் ஒரு மொட்டை மாடி

ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில், நாலா எனப்படும் கழிவுநீர்க் கால்வாயை ஒட்டியிருந்த அந்த வீட்டின் மொட்டை மாடியில் நான் பொருத்திய பெட்டி ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான். காற்றில் ரசாயன ஆவி கூடினால், யாரும் பார்க்கக்கூடிய ஒரு வரைபடத்தில் அங்கே சிவப்புப் புள்ளி எரியும். மென்பொருளை எங்கோ வெளிநாட்டில் யாரோ எழுதி இலவசமாக விட்டிருந்தார்கள். பெட்டியைச் செய்தது நான். டேங்கர்கள் நாலாவில் கழிவைத் திறந்துவிடும் நேரங்களை அது இரண்டே மாதத்தில் காட்டிக்கொடுத்தது.

வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஆறு தசம இலக்கம் வரை வரைபடத்தில் பதிந்திருந்தேன். துல்லியமாக வந்திருக்கிறது என்று அன்று பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டுக்கார அக்கா செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்தவர். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. பெட்டியைக் கேட்டு வாங்கியவரே அவர்தான்.

ஒரு சனிக்கிழமை காலை நான் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தபோது மூன்று பேர் மாடிக்கு ஏறி வந்தார்கள். பேசியது தெலுங்கும் இந்தியும். எனக்கு அது தமிழாகத்தான் நினைவிருக்கிறது.

"பிரியாணி ஆர்டர் பண்ணா வருமே, அந்த மாதிரி வாசல்லயே கொண்டுவந்து விட்டுச்சு உங்க மேப்பு," என்று முதல் ஆள் போனைக் காட்டிச் சிரித்தான். "டப்பா யாரோடது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: "ஹவ், ஆமா, என்னுதுதான்."

"இவ யாரு?"

"டிஷ் ரிப்பேருக்கு வந்த பொண்ணு. டிவி வரல."

என் கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. ஆமென்று தலையை ஆட்டினேன்.

இரும்புக் குழாயால் நாலு அடி, பெட்டி தூளானது. பிறகு ஒருவன் அக்காவின் வலது கையைப் பிடித்துக் கைப்பிடிச் சுவரில் வைத்து அழுத்தினான். "இந்தக் கையாலதான எல்லாத்தையும் எழுதிப் போடுற, மேடம்?" குழாய் வைத்திருந்தவன் ஓங்கி அடித்தான். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. கீழே விழுந்தவரின் முகத்தில் ஒருவன் உதைத்தான். வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல் விழுந்தது.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆட்கள் மூன்று. குழாய் ஒன்று. படிக்கட்டு எனக்கு வலப்பக்கம், ஏழடி. கத்தவில்லை.

"நீ உன் வேலையப் பாரும்மா," என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில், "நான் சொல்லியிருக்கணும்க்கா" என்றேன்.

"சொல்லி? ரெண்டு பேருக்கும் கை ஒடஞ்சிருக்கும். அப்புறம் ஆட்டோ யாரு புடிக்கிறது?"

மணிக்கட்டில் இரண்டு முறிவு. கட்டுப் போட்டதும் நேராகக் காவல் நிலையம் போனோம். பெட்டி யாருடையது என்று கேட்டார்கள். அக்கா தமிழில், தணிந்த குரலில் சொன்னார்: "நக்கோ. ஒன் பேரு வேணாம். அப்ப எதுக்கு நான் அடி வாங்கினேன்?"

பெட்டி அக்கா பெயரிலேயே இருந்தால் அந்த ஆட்கள் அந்த வீட்டுக்குத்தான் திரும்ப வருவார்கள். பெட்டி என்னுடையது, வரைபடத்தில் அந்த வீட்டைப் போட்டதும் நான் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். முகவரி கேட்டார்கள். குஷாய்குடாவில் அப்பா, அம்மாவோடு இருக்கும் வீட்டின் முகவரியைக் கொடுத்தேன்.

திரும்பும் வழியில் அக்கா முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டோ அவர் வீட்டு வாசலில் நின்றதும் கேட்டார்.

"மேப்ல என் வூட்ட எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்க்கா."

"நல்லது."

மாலை மணி ஐந்தரை. நாலாப் பக்கமிருந்து அந்த நெடி வந்தது. அக்கா இருமத் தொடங்கினார். ஒவ்வொரு இருமலுக்கும் அதிர்ந்த கட்டுப் போட்ட கையை இடது கையால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்த நெடியை எங்கும் பதிய என்னிடம் இப்போது பெட்டி இல்லை. அவரை இறக்கி உள்ளே கூட்டிப் போய், ஜன்னல்களைச் சாத்தினேன்.