விரத வீட்டுச் சாசேஜ்

நாய் பூனை கிளினிக்கில் முன்மேசை வேலைக்கு வந்தவர் முதலில் கற்றுக்கொள்வது, "என்ன சாப்பிட்டது?" என்று மூன்று தடவை கேட்பதுதான். முதல் தடவை "ஒண்ணுமில்லையே" என்பார்கள், இரண்டாம் தடவை கோபம் வரும், உண்மை மூன்றாவதில்தான் வரும். சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருந்து இரண்டு கண்கள் பார்த்தால் இளகிவிடும் உங்களுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. மலேசியாவில், கிள்ளானில் இந்த மேசையில் பல வருடம் உட்கார்ந்திருக்கும் நானும் உங்கள் கட்சிதான்.

நாலு கிலோ

ஒரு ஆன்டி வாந்தியெடுக்கும் பூனையோடு வந்தார். அது ஓயாமல் தண்ணீர் குடிக்கிறதாம். மூன்றாவது தடவை கேட்டபோது, தான் ரொட்டிக்கு வைத்துக்கொள்ளும் லஞ்சன் மீட் என்ற டின் இறைச்சியில் கொஞ்சம் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். கொஞ்சம் என்றால் கால் டின். அதில் உப்பும் கொழுப்பும் அதிகம், வெங்காயத்தூள் வேறு சேர்த்திருப்பார்கள், பூனைக்கு ஆகாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தானும் தினம் அதைத்தான் சாப்பிடுவதாகவும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் ஆன்டி வாதாடினார். டாக்டர் பூனையைத் தராசில் வைத்தார்.

"இது நாலு கிலோ ஆன்டி. நீங்க எவ்வளவு?"

விரத வீடு

செல்வம் பக்கத்து ஊரான காப்பாரில் லோரி ஓட்டுபவர். தைப்பூசத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு காலை, தன் நாய் பிளாக்கியைக் கைகளில் ஏந்தி வந்தார். எட்டு வயது நாட்டு நாய். முதுகு வளைந்திருந்தது. வயிற்றைத் தொட்டால் முனகியது. செல்வத்துக்குத் தாடி வளர்ந்திருந்தது. காவடிக்காக நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் இருந்தார்.

அவரிடம் ஒரே தடவைதான் கேட்டேன், எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வழக்கமாகப் பிளாக்கிக்குச் சோறும் கோழி ஈரலும் வேகவைப்பார்களாம். விரத வீட்டு அடுப்பில் கவிச்சி ஏறக்கூடாது. சாம்பார் சோற்றை அது தொடவில்லை. அதனால் தினம் கடையில் ஒரு பாக்கெட் சாசேஜ் வாங்கி, உள்ளே கொண்டுபோகாமல், கார் போர்ச்சில் வைத்தே பிரித்துக் கொடுத்திருக்கிறார். ஒரு மாதத்துக்கு மேல். கொழுப்பு தாங்காமல் கணையம் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். செல்வம் நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"சாமிக்காக நான் வாயக் கட்டினேன். அதோட வாயக் கட்ட மனசு வரல டாக்டர்."

யார் சொன்னது

பிளாக்கிக்கு டிரிப் ஏற்றினோம். செல்வம் வேலைக்குப் போகவில்லை. இரண்டாம் நாள், சாசேஜ் கொடுக்கலாம் என்று எப்படித் தோன்றியது என டாக்டர் சும்மாதான் கேட்டார். செல்வம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

போன வருடம் பிளாக்கி தோல் மாத்திரையைத் துப்பிக்கொண்டே இருந்தபோது நான் ஒரு யோசனை சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன், எல்லோரிடமும் அதைத்தான் சொல்வேன். மாத்திரையை ஒளித்து வைக்க ஒரு சின்னத் துண்டு சாசேஜ், மருந்து முடியும்வரைதான். அந்த 'வரைதான்' என்பதைச் சொன்னேனா இல்லையா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவர் குரலில் குறையே இல்லை, நன்றிதான் இருந்தது.

"இந்த அக்காதான் சொல்லிக் குடுத்தாங்க டாக்டர், சாசேஜ்ல வச்சா சாப்பிடும்னு. கிளினிக்ல சொன்னா நல்லதாத்தான் இருக்கும் லா."

மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் மதியம் பிளாக்கி போய்விட்டது. துண்டில் சுற்றிக் கொடுத்தேன். நான் சொன்னதால் வந்த வினை, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

குடும்பத்தில் சாவு விழுந்தால் அந்த வருடம் காவடி எடுக்க மாட்டார்கள். பூசத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கதவு வரை போனவர் திரும்பி மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"அக்கா, இதுவும் வீட்டுச் சாவுதானே? நான் காவடி எடுக்கலாமா?"

வந்தவருக்கெல்லாம் கேட்காமலே யோசனை சொன்ன நான், கேட்டு நின்ற அந்த ஒருவரைக் கோயிலில் கேட்கச் சொன்னேன்.