பதினோரு குழல்கள்

கொதித்து இறக்கிய இரும்புக்கு ஒரு மணம் உண்டு. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஊசிகளும் இடுக்கிகளும் கொதித்து அடங்கி, மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்த ஆவியில் டிங்சரும் மண்ணெண்ணெயும் வாசலிலிருந்து வரும் சாண வாடையும் கலந்திருக்கும். போடியில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்கு விடிகாலை என்றால் அந்த மணம்தான். இன்றும் ஏதாவது ஆஸ்பத்திரியில் அதை முகர நேர்ந்தால் ஒரு மயிலைக் காளையின் நினைவு வந்து, சற்று நேரம் நின்றுவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா அங்கே கம்பவுண்டர். டாக்டர் ஒருவர், அப்பா, மாடுகளைப் பிடித்துக் கட்டக் காதர் மாமா, ஆக மூன்று பேர்தான் மொத்த ஆஸ்பத்திரியும். மலையில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் கோவேறு கழுதைகளுக்கு முதுகுப் புண்ணோ காய்ச்சலோ வந்தால் டாக்டர் ஜீப்பில் குரங்கணிப் பக்கம் போய்விடுவார். அப்போது கீழே வருகிற மாடுகளுக்கெல்லாம் அப்பாதான் டாக்டர்.

மருந்து அறையின் கதவை ஒட்டிப் பச்சைப் பெயின்ட் அடித்த மர அலமாரி ஒன்று நின்றது. மற்றவற்றுக்கெல்லாம் பூட்டு உண்டு, அதற்கு மட்டும் கிடையாது. அதன் மூன்று தட்டுகளுக்கும் பெயர் வைத்தவர் காதர் மாமா: "உப்புசத் தட்டு", "கன்னுத் தட்டு", "காயத் தட்டு". உப்புசத் தட்டில் கடலை எண்ணெய் சீசா, அதன் பக்கத்தில் டர்பன்டைன், எண்ணெயைப் புகட்டுகிற மூங்கில் குழாய், மாட்டின் வாயில் குறுக்கே கட்டுகிற வேப்பங்கம்பு, ஒரு சுருள் கயிறு, இவற்றோடு "குத்தூசி" மூன்று கிடக்கும். குத்தூசி என்று அவர்கள் சொன்னது பிடிவைத்த கூரிய இரும்பு. அதன்மேல் அளவாகப் பொருந்திய உலோகக் குழல் ஒன்று மாட்டியிருக்கும். பெரியது மாட்டுக்கு, நடுவாந்தரம் கன்றுக்கு, சிறியது ஆட்டுக்கு. எண்ணெயும் இரும்பும் மரமும் கயிறும் ஒரே தட்டில் புரள்வது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. என் பள்ளிக்கூடப் பையில் பென்சில்கள்கூட உயர வரிசையில்தான் இருக்கும்.

அந்த மே மாத விடுமுறையில் மேலதிகாரி ஒருவர் ஆஸ்பத்திரியைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. டாக்டரும் அப்பாவும் தடுப்பூசி போட மூன்று நாள் மலைக்குப் போகவேண்டியிருந்ததால், புறப்படும்போது அப்பா என்னிடம், "ஆத்தா, அலமாரியத் தூசி தட்டி, சீசாவுக்கெல்லாம் பேரு எழுதி ஒட்டி வையி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது அவ்வளவுதான். நான் செய்தது அதைவிட அதிகம்.

மூன்று தட்டுகளையும் காலி செய்து, எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒரு நோட்டில் பட்டியல் எழுதி, இனம் இனமாகப் பிரித்தேன். சீசாக்கள் எல்லாம் ஒரு தட்டு. கயிறும் துணியும் இரண்டாவது. மூன்றாவதில் இடப்பக்கம் கூரானவை, வலப்பக்கம் குழாயானவை. குத்தூசிகள் எனக்குப் பெரிய சிக்கலாக இருந்தன, ஏனென்றால் ஒரே பொருளில் கூரும் இருந்தது, குழலும் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மூன்றையும் உருவிப் பிரித்தேன். இரும்பைச் செங்கல் பொடியால் தேய்த்துக் கத்திகளோடு வைத்தேன். குழல்களைப் புளி போட்டு விளக்கி, மடிக்காம்புக்குள் விட்டுப் பால் வடிக்கும் குழல், மூத்திரம் எடுக்கும் குழல் என்று அங்கிருந்த மற்றவற்றோடு சேர்த்தேன். மொத்தம் பதினோரு குழல்கள். ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியில் சுற்றி, நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

காதர் மாமா வந்து எட்டிப்பார்த்தார். "பாப்பா, என்ன இது, கல்யாணச் சீரா? இந்தத் தேய் தேய்க்கிற!"

"பெரிய ஆபீசர் வர்றாருல்ல மாமா."

"ஆபீசரு இன்னைக்கு வருவாரு, ஜீப்பு ஏறிப் போயிருவாரு. மாடு நாளைக்கும் வரும்ல?" என்று சிரித்தவர், மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் எருமை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, அதன் பின்னால் ஓடிவிட்டார்.

புதன்கிழமை காலை அப்பாவும் டாக்டரும் மலையிலிருந்து இறங்கினார்கள்; அவர்கள் பின்னாலேயே அதிகாரியும் வந்துவிட்டார். அலமாரியைத் திறந்தவர் ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். இந்த ஒழுங்கை வேறெங்கும் பார்த்ததில்லை என்று டாக்டரிடம் சொல்லி, என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். ஜீப் கிளம்பிய பிறகு அப்பா அலமாரி முன் போய் நின்றார். கதவைத் திறந்ததும் அவருடைய வலது கை தானாக உப்புசத் தட்டின் இடது ஓரத்துக்குப் போனது. அங்கே மடித்து வைத்திருந்த துணிகளைத் தொட்டு, அப்படியே நின்றது.

"அண்ணே, பழையபடி மாத்திப்புடுவமா?" என்றார் காதர் மாமா.

அப்பா என்னைப் பார்த்தார். நான் என்ன முகத்தோடு நின்றிருந்தேனோ தெரியாது. "பிள்ள மூணு நாளு ஒழைச்சிருக்கு. ஞாயித்துக்கெழம மாத்திக்கிருவம்" என்றார்.

வெள்ளிக்கிழமை உச்சிவேளையில், டாக்டர் மறுபடி மலைக்குப் போயிருந்த நேரம், சிலமலை கிராமத்து மொக்கராசு தன் வண்டிமாடுகளில் ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். தேங்காய் லோடு கொண்டுவந்து மண்டியில் இறக்கிவிட்டு, மார்க்கெட்டின் பின்புறம் மாடுகளை அவிழ்த்துக் கட்டியிருக்கிறார். வந்தது மயிலைக் காளை, சாம்பல் படர்ந்த வெள்ளை. அதன் இடப்பக்கப் பள்ளை, அதாவது விலாவுக்கும் தொடைக்கும் நடுவே உள்ள வயிற்றுப் பக்கம், முதுகெலும்புக்கு மேலே பானை கவிழ்த்ததுபோல் எழும்பியிருந்தது. நாக்கு வெளியே தொங்கியது. ஆனாலும் அது நடந்துதான் வந்தது.

"கம்பவுண்டரண்ணே! வெரசா வாங்கண்ணே, மூச்சு விடமாட்டேங்குறான்!"

"என்னத்தத் தின்னுச்சு?"

"கோசுத் தழ குமிஞ்சு கெடந்துச்சுண்ணே. ஒரு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள அம்புட்டையும் தின்னுபுட்டான்."

அப்பா பள்ளையில் ஒரு தட்டுத் தட்டினார். மேளம்போல் சத்தம் வந்தது. "காதரு, மூக்கணாங்கயிற விட்றாத. எண்ணெய்க்கெல்லாம் நேரமில்ல, குத்தித்தான் ஆகணும்" என்று உள்ளே ஓடிவந்தார்.

பள்ளையில் இரும்பையும் குழலையும் ஒன்றாகச் சேர்த்துக் குத்தி, பிறகு இரும்பை மட்டும் உருவ வேண்டும். குழல் உள்ளேயே நின்று காற்றை வெளியேற்றும். குழல் இல்லாமல் குத்தினால் இரும்பை எடுத்ததும் துளை மூடிக்கொள்ளும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா பெரிய இரும்பைச் சட்டென்று எடுத்துவிட்டார், எடுத்தபின் அதைத் திருப்பிப் பார்த்து வெளுத்துப்போனார் என்பதுதான்.

"கொழலு எங்கத்தா?"

"குழாய்ப் பக்கம்ப்பா. துணிக்குள்ள."

பதினோரு வெள்ளைத் துணிகள். எல்லாம் ஒரே மாதிரி. அவர் ஒரு முடிச்சை அவிழ்க்க, நான் ஒரு முடிச்சைப் பல்லால் கடித்தேன். முதலாவது பால் வடிக்கும் குழல். இரண்டாவதும் மூன்றாவதும் அதேதான். நான்காவது ஆட்டுக்கானது. வெளியே காதர் மாமா, "அண்ணே, காலு மடக்குது! கத்தியப் போடுங்கண்ணே!" என்று கத்தினார். அப்பா, "இந்தா வந்துருச்சு, கொழலு வந்துருச்சு" என்று பதிலுக்குக் கத்தியபடியே ஆறாவதை அவிழ்த்தார். காற்று வெளியேறக் கத்தியாலேயே பள்ளையைக் கீறிவிட்டிருக்கலாம். குழல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது கீறுவானேன் என்று அவர் நினைத்திருப்பார். அது ஒன்பதாவது துணியில் இருந்தது. இரும்பில் அது மாட்டிக்கொண்ட சின்ன சத்தமும், வெளியே கனமாக ஏதோ விழுந்த சத்தமும் எனக்கு ஒன்றாகவே கேட்டன.

காளை இடப்பக்கமாக விழுந்திருந்தது. குத்த வேண்டிய பள்ளை அடியில் இருந்தது. காதர் மாமாவும் மொக்கராசும், ஆடு கொண்டுவந்திருந்த இரண்டு பேரும் சேர்ந்து கால்களைப் பிடித்துப் புரட்டினார்கள். அப்பா குத்தினார். இரும்பை உருவியதும் காற்று சீறிக்கொண்டு வந்தது. புளித்த கோசுத் தழை நாற்றம் வாசல் முழுக்கப் பரவியது. வெகுநேரம் வந்துகொண்டே இருந்தது.

"காத்து வருதுல்லண்ணே? அப்பப் பொழச்சுக்கிருவான்ல?" என்றார் மொக்கராசு.

அப்பா காளையின் கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினார்.

மொக்கராசு அழவில்லை. காளையின் கழுத்து மணியை அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டார். மார்க்கெட்டில் நின்ற அதன் ஜோடியை, செந்நிறச் செவலையை மட்டும் பிடித்துக்கொண்டு சிலமலைக்கு நடந்தார். வண்டியை யார் யாரோ தள்ளிக்கொண்டுவந்து ஆஸ்பத்திரிச் சுவரோரம் விட்டார்கள். நுகத்தடி தரையில் ஊன்றியபடி அது நாலு நாள் அங்கே கிடந்தது. அந்த நாலு நாளும் நான் முன்வாசல் வழியாகப் போகவில்லை.

மறுநாள் டாக்டர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "கொண்டுவரும்போதே முடிஞ்சுபோச்சுன்னு எழுதிருங்க. எதுக்கு வம்பு?" என்றார். அவர் கெட்டவரில்லை, அப்பாவைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

"நடந்து வந்துச்சு சார்" என்றார் அப்பா.

டாக்டர் பதிவேட்டை அவரிடமே தள்ளிவிட்டுப் போனார். ஊசியும் குழலும் தனித்தனியே வைக்கப்பட்டிருந்ததால் தாமதம், பொறுப்பு கம்பவுண்டர் என்று அப்பாவின் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதியிருந்ததை, யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் படித்தேன். என்னைப் பற்றி அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. விளக்கம் கேட்டு அடுத்த வாரம் வந்த கடிதத்தில், என் தலையைத் தொட்டுப் பாராட்டிய அதிகாரியே கையெழுத்திட்டிருந்தார். அப்பா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல வருஷம் நினைத்திருக்கிறேன். சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வந்ததும் அலமாரியைத் திறந்து, "மாத்துவமா ஆத்தா?" என்று மட்டும் கேட்டார். குழல் மூன்றையும் அந்தந்த இரும்பில் நானே மாட்டினேன்.

கிட்டத்தட்ட ஒன்றரை மாதம் கழித்து மொக்கராசு வந்தார். வேறொருவரின் மாட்டோடு ஜோடி சேர்த்துப் பூட்டியதில் உயரம் ஒத்துவராமல் செவலையின் கழுத்தில் புண். அப்பா உள்ளே இருந்தார். நான் மொக்கராசு முன்னால் போய் நின்றேன்; சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"மாமா, அன்னைக்குக் கொழலப் பிரிச்சு வச்சது அப்பா இல்ல. நான்தான்."

அவர் செவலையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். "தெரியும். மறுநாளே காதரு சொல்லிட்டாரு" என்றார். பிறகு, "ஒன்னயப் பாத்தா ஏதாச்சும் சொல்லிப்புடுவனோன்னுதான் இம்புட்டு நாளு இந்தப் பக்கமே வரல" என்றார்.

அவர் மாட்டைக் கட்டிவிட்டு நேராக மருந்து அறைக்குள் போனார். "அண்ணே, கண்ண மூடிக்கிட்டு அந்தக் குத்தூசிய எடுங்க, பாப்பம்."

அதிகாரி பார்வையிட வந்தபோதுகூட அப்பா அவ்வளவு விறைப்பாக நின்றதில்லை. கண்ணை மூடினார். கதவைத் திறந்தார். கை போனது, குத்தூசியோடு வந்தது. மொக்கராசு அதை வாங்கி, குழலுக்குள்ளிருந்து இரும்பை உருவி, மறுபடி உள்ளே விட்டு, அசைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ம். செவலைக்கு மருந்து போடுங்க" என்றார்.

அலமாரியை மாற்றிய அந்த ஞாயிற்றுக்கிழமையே, எதோடு எது இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்ட பழைய நோட்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்தேன். நாள் தவறாமல் எழுதும் பழக்கம் எனக்கு அதிலிருந்து வந்ததுதான். இப்போது அப்பா இல்லை, காதர் மாமாவும் இல்லை. சிலமலைப் பாதையில் மாட்டு வண்டி எதிர்ப்படுவதில்லை. தேங்காய் வேனில் வருகிறது. மலையேறும் கோவேறு கழுதைகளைப் பார்த்தும் வெகுகாலமாகிறது. போன மாதம் போடிக்குப் போயிருந்தபோது ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். கட்டிடம் புதிது. பச்சை அலமாரியைப் பற்றிக் கேட்டால் அங்கே யாருக்கும் தெரியவில்லை. மகள் வயதிலிருந்த பெண் டாக்டர் ஒருவர் என்னை உட்காரச் சொல்லி, என்ன வேண்டும் என்று கேட்டார். வயிறு உப்பிய மாடு வந்தால் குத்துவதற்கு வைத்திருப்பீர்களே, அதைப் பார்க்கலாமா என்றேன். அவர் விநோதமாகப் பார்த்தார். ஆனால் என்னைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டி, எஃகு அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

நான் இரும்பை உருவிப் பார்த்தேன். மறுபடி குழலுக்குள் விட்டு, அசைத்துப் பார்த்து, அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.