முழித்துக்கொண்டே தூங்கப் பழகிய சங்கிலி

மேகமலை அடிவாரத்து இலவமரங்களில் ஏறிக் காய் பறிக்க, சங்கிலிக்கு இணையான ஆள் சின்னமனூரில் இல்லை. 2003-ஆம் வருஷப் பறிப்பில் கிளை முறிந்து பாறைமேல் விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போயிற்று. மனைவி மலையம்மாள் திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பும்போது வெளிக்கதவைச் சாத்திவிட்டுப் போவாள். சாயங்காலம் வரை அவனும் கட்டிலும் ஓட்டுக் கூரையும்தான்.

கனவில் மட்டும் நடந்தான். ஆனால் கனவென்று முழித்த பிறகுதான் தெரியும். ஒவ்வொரு முறையும் மரத்திலிருந்து புதிதாக விழுந்தது போலிருக்கும். நடக்கும்போதே தெரிந்தால் ஓர் அடியையாவது ருசித்து வைக்கலாமே என்று ஏங்கினான்.

அதற்கு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். முழங்கையை ஊன்றி, முன்கையை நிமிர்த்தி வைத்துப் படுப்பான். தூக்கம் ஆழமானால் கை சரியும். விழித்துக்கொண்டு மறுபடி நிமிர்த்துவான். நாளாக ஆக, உடம்பு உறங்கி நினைவு மட்டும் விழித்திருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தான். முதல் தடவை நடுங்கிப்போனான். கைகளும் மரத்து, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தாற்போல அழுத்தியது. கத்த நாக்கு எழவில்லை. மிச்சமிருந்த பாதி உடம்பும் போயிற்று என்றே நினைத்தான். அந்தப் பயத்தைப் பொறுத்துக் கிடந்த ஒரு நாள், உள்ளங்காலில் மண் சுட்டது. கனவென்று தெரிந்தே தெருவில் நடந்தான்.

மலையம்மாளிடம் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னபோது அவளும் சிரித்தாள்.

அப்புறம் பகலெல்லாம் தூக்கம்தான். டாக்டர் சொன்னபடி அடிக்கடி புரண்டு படுக்க மறந்தான். உணர்வில்லாத பிட்டத்தில் புண் வைத்தது அவனுக்குத் தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகு அவள்தான் பார்த்தாள்.

"அங்கன நடக்கிறேன்னு இங்கன ஒடம்ப அழுக விட்டுட்டீகளே! ஒத்தையில நான் என்ன செய்வேன்?"

தேனி ஆஸ்பத்திரியில் புண்ணை வெட்டி எடுத்து, குப்புறப் படுக்கச் சொல்லி அனுப்பினார்கள். குப்புறப் படுத்தால் கையை நிமிர்த்த முடியாது. கண்ணுக்கு நேரே சிமெண்டுத் தரை. தூக்கம் அவனை முழுசாக விழுங்கி, முழுசாகத் துப்பியது. கனவே வரவில்லை.

ஒரு சாயங்காலம் மலையம்மாள் வேலையிலிருந்து வந்து தரையில் உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னைக்கு எங்கன போனீக?"

அவள் பின்கழுத்தை நீவிக்கொள்வதைச் சங்கிலி பார்த்தான்.

"ஒன் தோட்டத்துக்குத்தான் வந்தேன். பந்தலுக்கடியில அண்ணாந்தே நிக்கிற. கழுத்து வலிக்கலையா?"

வலிக்கத்தான் செய்கிறது என்றாள் அவள்.