பஸ் போகாத வழி

என் கணவர் செம்மலை இருபத்தாறு வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். ஓய்வு பெற்ற மறுமாதம் கியர் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தி, "இனிமே பஸ் போற ரோட்டுல போக மாட்டேன்" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

காரைக்குடியைச் சுற்றி எந்தச் சாலையில் எத்தனை மணிக்கு எந்த பஸ் வரும் என்பது அவருக்கு மனப்பாடம். ஆகவே எந்தச் சாலையில் எதுவுமே வராது என்பதும் தெரியும். அரியக்குடிக்குப் பின்பக்கம் கண்மாய்க் கரையோடு ஒரு வழி. குன்றக்குடி மலை வெகுதூரம் கூடவே வருகிற ஒரு வழி. விடியும் முன்பே கிளம்பி, இட்லி ஆறுவதற்குள் திரும்பிவிடுவார். பனியன் முதுகில் செம்மண் கோடு போட்டிருக்கும். "எங்குட்டுப் போனீக?" என்று கேட்டால் ஊர்ப் பெயர் வராது. "ரெண்டு மணி நேரம் ஒரு ஹாரன் கேக்கலை, புள்ள" என்பார், ஏதோ பரிசு விழுந்த மாதிரி.

எங்கள் தெருக்கோடியில் மீனு ஆச்சி தன் பெரிய வீட்டை வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதியாக நடத்துகிறார். என்னைவிடப் பத்து வயது இளையவர்தான். செட்டியார் வீட்டுப் பெண் என்பதால் எல்லோருக்கும் ஆச்சி. அங்கே தங்குகிற வெள்ளைக்காரர்கள் சிலர் சைக்கிள் ஓட்ட வழி கேட்க, ஆச்சி இவரிடம் அனுப்பினார். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. இவர் முன்னால் போவார், அவர்கள் பின்னால். கையில் ஒரு தாளும் கொடுப்பார். பஸ்ஸில் நிறுத்தம் நிறுத்தமாக ஸ்டேஜ் எழுதுகிற மாதிரியே வரிசையாக எழுதியிருப்பார்: நாலாவது கிலோமீட்டர், மடை, இடப்பக்கம். ஆறரை, டீக்கடை, சீனி குறைக்கச் சொல்லவும். ஒன்பது, கறுப்பு நாய், குரைக்கும், கடிக்காது. மீனு ஆச்சி அதை இங்கிலீஷில் அடித்துக் கொடுப்பார்.

அப்படி வந்தவர்களில் ஹெலன் என்ற அம்மாள் ஒவ்வொரு தை மாதமும் வருவார். அறுபது வயதிருக்கும். இங்கிலாந்தில் தன் ஊர்ச் சாலைகளைப் போனில் காட்டினார். ஒரு கார் மட்டுமே போகலாம், இரண்டு பக்கமும் ஆளுயரச் செடிவேலி, ஆளே இல்லை. இவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அங்குட்டு பூவேலி, இங்குட்டு முள்வேலி. மத்தபடி ஒரே ரோடுதான்" என்றார். ஆச்சி மொழிபெயர்த்ததும் அந்த அம்மாள் அப்படிச் சிரித்தார்.

எல்லா வழிகளிலும் அவருக்கு உயிர், கல்லலுக்குப் போகிற வழி. அதில் ஒரு சிற்றூர். பேரைச் சொன்னால் கூட்டம் வந்துவிடும் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, நானும் எழுதவில்லை. ஊருக்கு வெளியே சாலை ஐயனார் கோயில் தோப்புக்குள் நுழைந்து வெளியேறும். இருநூறு அடி தூரம்தான். இரண்டு பக்கமும் மண்குதிரைகள். அந்த இருநூறு அடியை யாரும் வண்டியில் கடப்பதில்லை. சைக்கிளோ மோட்டார் பைக்கோ, இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உருட்டித்தான் போவார்கள்.

என் தங்கை மகள் கல்யாணத்தன்று இவரால் போக முடியவில்லை. ஹெலனும் இன்னும் இரண்டு பேரும் தாளை மட்டும் வைத்துக்கொண்டு போனார்கள். தோப்புக்குள் அப்படியே ஓட்டிப் போயிருக்கிறார்கள், ஷூவோடு. போதாததற்கு ஒருவர் சைக்கிளை ஒரு குதிரையின் காலில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடித்திருக்கிறார்.

அன்று மாலையே பந்திக்கு நடுவில் ஆச்சியிடமிருந்து போன் வந்தது. அந்த ஊர் அம்பலம் கருத்தையா, அதாவது ஊர்ப் பெரியதனக்காரர், வழியை முள் வெட்டி அடைத்துவிட்டார். இனி அந்தப் பக்கம் சைக்கிள்காரர்கள் வரக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் இவரிடமிருந்த அந்த வழித் தாளை எடுத்துப் பார்த்தேன். மடை இருந்தது, டீக்கடை இருந்தது, நாய்கூட இருந்தது. தோப்பு இல்லை.

"நாய எழுதினீக, சாமிய விட்டுட்டீகளே."

"சாமிக்கு முன்னால எறங்குன்னு எழுதியா குடுப்பாக? சோத்த மென்னு தின்னுன்னு எழுதுற மாதிரில்ல இருக்கு" என்றார். சொல்லிவிட்டு அவரே தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்தத் தோப்பு இல்லையென்றால் கல்லலுக்கு நெடுஞ்சாலை ஒன்றுதான். முந்தைய வருடம் அங்கே ஒரு லாரி உரசிப் போன காற்றில் ஒரு பெண் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்ததை இவர் கண்ணால் பார்த்திருந்தார். அந்த ரோட்டில் யாரையும் கூட்டிப்போக மாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டார். முள்ளை எடுக்காவிட்டால் அந்த வழி அவ்வளவுதான். இரண்டு நாள் சைக்கிளைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள், "மன்னிப்புக் கேட்டுட்டு வந்துருவோம், நீயும் வா" என்றார். ஹெலனும் வருகிறேன் என்றார். ஆச்சி காரில் நான்கு பேரும் போனோம்.

தோப்புக்கு வெகு முன்பே இறங்கி வெறுங்காலோடு நடந்தோம். முள்ளுக்கு அந்தப் பக்கம் கருத்தையாவும் ஏழெட்டுப் பேரும் நின்றிருந்தார்கள்.

"வாங்க கண்டக்டரே. டிக்கெட் இல்லாம மூணு பேரு போயிட்டாக" என்றார் கருத்தையா. முகத்தில் சிரிப்பில்லை.

"என் தப்பு, அம்பலகாரரே. அவுகளுக்குத் தெரியாது. நான் எழுதலை."

"ஏன் எழுதலை?"

"நம்ம ஊர்ல ஆருக்கும் அத சொல்லித் தந்ததில்லையே. எனக்கும் ஆரும் சொல்லலை. எங்கய்யா எறங்குனாரு, நானும் எறங்குனேன்."

அப்போது ஹெலன் ஆச்சியின் காதில் ஏதோ சொன்னார். ஆச்சி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அவங்க ஊர் ரோட்டுலயும் எதிர்ல குதிரை வந்தா சைக்கிள நிறுத்தி, அது போற வரைக்கும் ஓரமா நிப்பாகளாம். இங்க இத்தன குதிரை நின்னும் நிக்காமப் போனது தன் தப்புதானாம்."

கூட்டத்திலிருந்த ஒரு பெண், "நம்ம குதிரை என்னைக்கு ஆத்தா போறது? பொழுதன்னைக்கும் நிக்கணும்ல அந்தம்மா" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கருத்தையாவும் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"சரி, முள்ளத் தூக்குங்கப்பா" என்றவர் இவரிடம் திரும்பினார். "ஆனா தாளுல எழுதிக் குடுக்குறதெல்லாம் ஆகாது. நீரு முன்னால வாரும். உம்ம காலு தரையில பட்ட பொறகுதான் மத்த காலு."

அதற்குப் பிறகு மூன்று வருடம், ஒரு ஞாயிறு தவறவில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறார். மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். "தண்டனை குடுத்துருக்காக புள்ள" என்று சொல்லும்போது முகத்தில் அத்தனை சந்தோஷம்.

போன கார்த்திகையில் போய்ச் சேர்ந்தார். தூக்கத்திலேயே, கஷ்டப்படவில்லை. சைக்கிளை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

தை பிறந்ததும் ஹெலன் வந்தார். ஆச்சியும் அவரும் என்னோடு உட்கார்ந்திருந்தார்கள். கல்லல் வழியில் முன்னால் போக ஆள் இல்லை. ஊருக்குக் கொடுத்த வாக்கு அப்படி. அந்த நேரத்தில் ஆச்சியின் போன் அடித்தது. எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். கருத்தையா குரல்.

"என்ன ஆச்சி, ரெண்டு மாசமா சைக்கிளு ஒண்ணையும் காணோம்?"

"முன்னால வர அவரு இல்லையே, அம்பலகாரரே."

அந்தப் பக்கம் அவர் யாரையோ தள்ளி நிற்கச் சொன்னது கேட்டது.

"ஞாயித்துக்கெழம ஏழே முக்காலுக்கு ஆளப் பாத்துப் பழகிட்டேன், ஆச்சி. தோப்பு வாசல்ல நான் செருப்பக் கழட்டிட்டு நிக்கிறேன். என்னயப் பாத்து எறங்கச் சொல்லுங்க. நேரத்துக்கு அனுப்புங்க, எனக்கு வெயிலு ஆகாது."