7E2 என்றால் எழுநூறு

பக்கத்து வீட்டு அத்தை தன் புருஷனைத் தானே கொன்றுவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தார். காரியம் முடிந்த மறுநாள் குழாயடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் கண்ணு தப்பா அழுத்திட்டேன். ஒரு பட்டன் அழுத்தத் தெரியாத பாவி நானு" என்று அழுதார்.

அவர் சொன்னது மொபைல் ஆப்பை. எங்கள் லைன் வீடுகளில் இருக்கும் வயசான ஆண்கள் எல்லாருமே நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர்கள். தங்கம் கம்பெனிக்குப் போனது, கல்தூசி இவர்கள் நுரையீரலில் தங்கிவிட்டது. பெங்களூரில் ஓர் அறக்கட்டளை இவர்களுக்கு வாராவாரம் ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்புகிறது. ஆப்பில் கேட்டால் வேன் வீட்டுக்கே வரும்; சிலிண்டர் வந்ததும் 'வாங்கியாச்சு' பட்டனை அழுத்த வேண்டும். மாமாவுக்கு மட்டும் அந்த வாரம் வரவில்லை. அத்தை திரும்பத் திரும்பக் கேட்டும் 'ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது' என்றே பதில் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், ஆட்டோவிலேயே மாமா போய்விட்டார்.

அவர்கள் மகன் பெங்களூரில் என்னைப் போலவே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். சாவு வீட்டில், அத்தனை பேர் முன்னால், அம்மாவைப் பார்த்துக் கத்தினான். "வாங்கியாச்சுன்னு நீயே அழுத்திகினு, அப்பால வரலன்னா எப்படி வரும்? உனுக்கு இன்னாத்துக்கு போனு?" அதோடு பெங்களூருக்குப் போனவன் அம்மாவுக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. ஆப்பை யாரும் சந்தேகப்படவில்லை. படிக்காத பொம்பளை ஒருத்தி கையில் இருக்கும்போது ஆப்பை எதற்குச் சந்தேகப்பட வேண்டும்?

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை. தினமும் விடியுமுன் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூருக்கு ஓடுகிறவள், அன்று லீவு என்பதால் வீட்டில் இருந்தேன். என் அப்பாவின் சிலிண்டரில் முள் சிவப்புக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. காலையிலேயே வேன் வந்திருக்க வேண்டும். ஆப்பைத் திறந்தேன். 'ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.'

இந்த வாரம் நான்தான் ஆப்பில் கேட்டேன். எந்தப் பட்டனையும் யாரும் தப்பாக அழுத்தவில்லை.

உதவி எண்ணுக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். "மேடம், சிஸ்டம்ல க்ளோஸ்ட்னு காட்டுது. உங்க வீட்டுக்குக் குடுத்தாச்சு."

"வீட்ல நான் இருக்கேம்மா. காலி சிலிண்டர் கண்ணு முன்னாடி நிக்குது. எங்க குடுத்தீங்க?"

"சிஸ்டம்ல அப்படித்தான் இருக்கு மேடம்."

"சிஸ்டத்துக்கா மூச்சு முட்டுது? எங்கப்பாவுக்கு முட்டுதும்மா!"

கட்டிலில் மூக்குக் குழாயோடு சாய்ந்திருந்த அப்பா கையை ஆட்டினார். "ஏ, இன்னாத்துக்கு இப்படிக் கத்தற? நீ கத்தறதுக்கே என் காத்து பத்தாது போலகீதே."

"நீ சும்மா இரு நைனா."

போனை வைத்துவிட்டு வேன் டிரைவருக்கு அடித்தேன். அவர் நல்ல மனுஷன், கன்னடக்காரர், தமிழில்தான் பேசுவார். "மேடம், உங்க ஆர்டரு எழுநூறாம் நம்பர் வீட்டோட சேர்ந்துகிட்டிருக்கு. ரெண்டும் ஒரே வீடுன்னு காட்டுது. அதனால ஒண்ணுதான் எறக்கினேன்."

"எழுநூறா? எங்க இருக்கு அது?"

"ராபர்ட்சன்பேட்டை பஜார்ல, பாத்திரக்கடைக்காரர் வீடு மேடம். போன வாரம்தான் புதுசா சேர்ந்தாங்க."

எங்கள் வீட்டுக்கும் பஜாருக்கும் என்ன சம்பந்தம்? எரிச்சலோடு வாசலுக்குப் போனேன். கதவுக்கு மேலே, கம்பெனிக்காரன் காலத்தில் வைத்த எண்ணை நாங்கள் வருஷாவருஷம் பொங்கலுக்குப் புதுசாகப் பெயின்ட் அடிப்போம். ஏழாம் லைன், இ பிளாக், இரண்டாம் வீடு. 7E2. பிறந்ததிலிருந்து பார்த்த எண். அன்றைக்குத்தான் அதை கம்ப்யூட்டர் பார்க்கிற மாதிரி பார்த்தேன்.

அட நாசமாப் போனவங்களா!

கணக்கு போடுகிறவர்கள் பெரிய எண்களைச் சுருக்கி எழுத நடுவில் ஒரு E போடுவார்கள். 7E2 என்றால் ஏழுக்குப் பின்னால் இரண்டு சுழி. எழுநூறு. சில கம்ப்யூட்டர் மொழிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இரண்டு சொற்களைக் கொடுத்து 'இதுவும் அதுவும் ஒன்றா?' என்று கேட்டால், இரண்டும் எண்ணைப் போலத் தெரிந்தால் போதும், நம்மைக் கேட்காமலே எண்ணாக மாற்றிவிட்டு 'ஆமாம், ஒன்றுதான்' என்று சொல்லிவிடும். பிழை என்று கத்தாது, எச்சரிக்காது. இதற்கு டைப் கோயர்ஷன் என்று பெயர். வசதி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். யாருக்கு வசதி? எழுதுகிறவனுக்கு.

ஒப்பிடும் இடத்தில் இரண்டு சமக்குறி போட்டால் மாற்றும். மூன்று போட்டால் மாற்றாது, உள்ளது உள்ளபடியே பார்க்கும். அந்த மூன்றாவது குறியைப் போட அவனுக்குக் கை வலித்திருக்கிறது. ஒரு பொருளை எப்படி நடத்த வேண்டும் என்று புரோகிராமில் தனியாக எழுதிவைப்பதை கிளாஸ் என்போம். நோயாளிக்கு ஒரு கிளாஸ், சிலிண்டருக்கு ஒரு கிளாஸ், வேனுக்கு ஒரு கிளாஸ் என்று பார்த்துப் பார்த்து எழுதியிருப்பான், எனக்குத் தெரியும், நானும் அதே பிழைப்புதான். கதவு எண்ணுக்கும் ஒரு கிளாஸ் எழுதி, 'இது கணக்கு போடுகிற சமாச்சாரம் இல்லை' என்று அதில் சொல்லி வைத்திருந்தால் முடிந்தது. அது அவனுக்கு அற்பமாகப் பட்டிருக்கும். கதவு எண்தானே!

உதவி எண்ணுக்கு மறுபடி அடித்து, மென்பொருள் பார்க்கிறவனைக் கூப்பிடு, இல்லாவிட்டால் வைக்கமாட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் சண்டை போட்டேன். கடைசியில் ஒருவன் வந்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். நிஜமாகவே சிரித்தான்.

"ஓ, சூப்பர் கேட்ச் மேடம்! ரொம்ப ரேர் எட்ஜ் கேஸ் இது, எப்பவாவது ஒருத்தருக்குத்தான் வரும்."

"எங்க பிளாக் முழுக்க இ பிளாக்குய்யா. இன்னா ரேரு?"

"சரி சரி, டென்ஷன் ஆகாதீங்க. அட்ரஸ்ல நடுவுல ஒரு டேஷ் போட்டுக்கோங்க மேடம். ஏழு, டேஷ், இ, டேஷ், ரெண்டு. வேலை செய்யும்."

கோடு போட்டேன். உடனே எடுத்துக்கொண்டது. டிரைவர் பஜாரிலிருந்து பறந்து வந்து புது சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். அப்பாவின் உதட்டில் நீலம் ஏறியிருந்தது. ரெகுலேட்டரை மாற்றி வால்வைத் திறந்ததும் அவர் கண்ணை மூடி இழுத்தார். கொஞ்ச நேரத்தில் நீலம் இறங்கியது. "ம், இப்ப கத்து" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டுபோன டிரைவரை வாசலில் நிறுத்தினேன். கேட்கவே பயமாக இருந்தது.

"அண்ணா, ராபர்ட்சன்பேட்டைல எழுபதாம் நம்பர்னு ஒரு வீடு இருக்கா?"

"இருக்கே மேடம். போன மாசத்துலேந்து அங்கயும் எறக்கறேன். ஏன்?"

பக்கத்தில் அத்தை வீட்டு வாசலைப் பார்த்தேன். அதே பெயின்ட், அதே பிரஷ், பொங்கலுக்கு என் கையாலேயே எழுதியது. 7E1. ஏழுக்குப் பின்னால் ஒரு சுழி. எழுபது.

ஒரு குறி. ஒரே ஒரு குறி போட்டிருந்தால் மாமா அன்றைக்கு மூச்சு விட்டிருப்பார். அதைப் போட வேண்டியவன் ஏசி அறையில் உட்கார்ந்து எட்ஜ் கேஸ் என்கிறான். போடத் தெரியாத அத்தை ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிறார். எனக்குத் தலைக்குள் தீப்பிடித்த மாதிரி இருந்தது.

அத்தை வீட்டுக்குள் போனேன். அத்தை அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். எழுநூறு, எழுபது, சுழி எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். கணக்கு அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. முறத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்த 'வாங்கியாச்சு' பட்டன நான் அழுத்தலியா?"

"இல்ல அத்தே. நீங்க அழுத்துனதெல்லாம் சரி. அந்த ஆப்புதான் உங்க வீட்ட வேற வீடுன்னு நெனச்சிகினு மாமாவுக்கு அனுப்பல."

"நெசமா?"

"எங்கப்பா மேல சத்தியமா."

எழுந்து போய்த் தன் போனை எடுத்துவந்து என் கையில் வைத்தார். பிறகு, "அத அவங்கிட்ட சொல்லு" என்றார்.

அவர் போனிலிருந்தே மகனுக்கு அடித்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா நம்பரைப் பார்த்துவிட்டு, "இப்ப இன்னாத்த அழுத்திட்ட?" என்றுதான் எடுத்தான்.

"நான் பேசறேன்டா, பக்கத்து வீட்டு அக்கா. உங்க வீட்டு நம்பர் இன்னா?"

"7E1. ஏன்க்கா?"

"பஜார்ல எழுபதுன்னு ஒரு வீடு இருக்கு. அந்த ஆப்புல ரெண்டையும் ரெண்டு சமக்குறி போட்டு ஒப்பிட்டிருக்கான். நீயும் புரோகிராம் எழுதறவன்தானே, இன்னா ஆவும்னு நீயே சொல்லு."

அவனுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தொழிலில் இருக்கிற எவனுக்கும் புரியும். பிறகு குரல் உடைந்து, "அக்கா, அம்மாகிட்ட குடு" என்றான்.

போனை நீட்டினேன். அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவன் "ம்மா" என்றதும், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவிடாமல், லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"நான் சரியாத்தான்டா அழுத்தினேன்!"